முதற்பதில் மரியாதைக்கு

சிவமயம்

உரும்பிராய் தெற்கு,
10.03.1981

அன்புள்ள மகள் பத்மாசினிக்கு,

நீ கேட்டிருந்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு நீ கடைசிப் பக்கம்வரை தேடி ஏமாற வேண்டாம். விழப்போகிற ஒரு கம்பனியை அரசாங்கம் தாங்கிப் பிடிப்பது நியாயமா, நியாயம் என்றால் எந்தப் பகுதியாரின் காசை எடுத்து எந்தப் பகுதியாரின் கம்பனியைத் தாங்குவது என்று கேட்டாய். பேராதனையில் பொருளாதாரம் படித்து இருபத்தைந்து வருடமாக அதையே படிப்பிக்கிறவள் நான். பரீட்சைக் கேள்வி என்றால் நான்கு பக்கம் எழுதுவேன், பிள்ளைகளுக்குப் புள்ளியும் போடுவேன். மகளுக்கு எழுத ஒரு வரி வரவில்லை.

நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் இங்கே விடிந்தால் பொழுதுபட்டால் நினைப்பது. நாங்கள் சுகம் என்று எழுதக் கை தானாகப் போகிறது, இந்த முறை அந்த வரியை நிறுத்தி வைத்திருக்கிறேன், ஏன் என்று படித்துக்கொண்டு போக உனக்கே விளங்கும். உடம்பு என்று பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. எனக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு பழையபடி வந்து போகிறது. சின்னாச்சி மாமியை மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கண் காட்டினோம், படலம் முற்றட்டும் வைகாசியில் வெட்டலாம் என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, வைகாசி வரைக்கும் உங்கடை முகங்கள் வடிவாத் தெரியாமல் இருக்கிறதும் ஒரு ஆறுதல்தான் என்றார். கிணற்றுத் தண்ணீர் இந்த வருடம் மாசியிலேயே கீழே இறங்கிவிட்டது. உனக்கு மிளகாய்த் தூள் இடித்துக் கப்பலில் போட்டிருக்கிறேன், சித்திரைக்குள் வரும். நீர்வேலித் தோட்டத்துச் செத்தல் மிளகாய்தான். கடையில் அதையும் வெளிநாட்டுச் செத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் குவித்து வைத்திருக்கிறார்கள், வெளிநாட்டுச் செத்தல்தான் முதலில் விற்றுத் தீர்கிறது, விலை பாதி. நானும் வீட்டுச் சமையலுக்கு ஒரு தரம் அதை வாங்கினேன். அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்தை நானும் அப்பாவும் இரண்டு தரம் படித்தோம். மருமகன் வேலைசெய்கிற உழவு யந்திரக் கம்பனி கடனில் மூழ்கப்போன நேரம் உங்கள் மத்திய அரசாங்கமும் மாகாண அரசாங்கமும் சேர்ந்து பிணை நின்று காப்பாற்றிவிட்டன, மருமகனின் வேலை தப்பியது என்ற இடம் வந்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, பிள்ளையார் கைவிடேல்லை என்றார். பிள்ளையார் இல்லை, வரி கட்டுகிற சனம் என்று நான் சொன்னேன். அடுத்த பக்கத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். உன்னோடு ஆய்வுகூடத்தில் வேலைசெய்கிற, மேற்குப் பக்கத்துக் கமக்காரர் ஒருவரின் மகள், சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் உன்னைப் பார்த்து, உன்ரை மனிசனுக்குச் சம்பளம் குடுக்கிறது எங்கடை கோதுமையும் எண்ணெயும்தான், எங்கடை ஊரிலை ஆலை மூடேக்கை ஒட்டாவாவிலை இருந்து ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை என்றாளாம். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நீ எங்கள் பேச்சிலே எழுதியதால் அவள் கோப்பாயில் பிறந்தவள் மாதிரி எனக்குப் பட்டது. நாங்கள் வெட்கப்பட வேணுமோ அம்மா என்று கேட்டிருந்தாய். உன் வீட்டில் சம்பளம் நிற்காமல் வருவதில் எனக்கு மகிழ்ச்சி. அந்தப் பெண் சொன்னதும் சரி என்றே படுகிறது. ஏனென்றால் இங்கே நான் அவள் இருக்கிற பக்கத்தில் இருக்கிறேன். இதை வைத்துக்கொண்டு உனக்கு நான் என்ன நீதி சொல்ல?

அப்பாவின் தொழிலகம் மூடப்போகிறது என்று உனக்கு இதுவரை எழுதவில்லை. கொஞ்சம் வேலை குறைவு என்று இரண்டு வருடமாக எழுதி வந்தேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் மருமகனுக்கும் படித்துக் காட்டுவாய் என்பதால் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். அறுபத்தேழில் உரும்பிராய், நீர்வேலி, கோப்பாய்க் கமக்காரர் இருநூற்றுச் சொச்சப் பேர் ஆளுக்கு நூறு ரூபா பங்குக்காசு போட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பியை இங்கேயே வார்த்துச் செய்வது என்று தொடங்கினார்கள். அப்பா நீர்ப்பாசனப் பகுதி உத்தியோகத்தை விட்டுவிட்டு அதற்கு முகாமையாளராகப் போனார். ஓய்வூதியம் உள்ள வேலையை விட்டதற்காக என் அண்ணை ஒரு வருடம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பிறகு இறக்குமதியை நிறுத்திய காலம் வந்தது, மாத்தளையிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் சிங்களக் கமக்காரர்கூட லொறி பிடித்து வந்து கேற் வாசலில் காத்திருந்து எங்கள் பம்பியை ஏற்றிப் போனார்கள். நாட்டில் தட்டுப்பாடு இருந்தபோது எங்கள் மிளகாய் நாட்டின் மிளகாய், எங்கள் பம்பி நாட்டின் பம்பி. எழுபத்தேழுக்குப் பிறகு துறைமுகம் திறந்தது. செத்தலும் வெங்காயமும் கப்பலில் வந்து இறங்க, தோட்டக்காரன் கையில் காசு இல்லை. ஜப்பான் பம்பியும் அதே கப்பலில் வந்து இறங்க, காசு உள்ளவனும் எங்களிடம் வரவில்லை. எழுபத்திநான்கு பேர் வேலைசெய்த இடத்தில் இப்போது முப்பத்தொரு பேர். கடைசி ஓடர் போன ஆவணியில் வந்தது.

போன வருடம் கொழும்பிலே ஒரு நிதி அறிவித்தார்கள், இந்தத் திறந்த வியாபாரத்தால் அடிபட்ட தொழில்களைத் தூக்கி நிறுத்துவதற்கு. முதலில் கொழும்புக்குக் கிட்ட ஒரு நெசவாலைக்குக் கொடுத்தார்கள். அங்கே தொழிலாளர் வீதியை மறித்துப் படுத்தார்கள், அவர்களின் தொகுதி எம்.பி.யும் மந்திரி வீட்டு வாசலில் போய் நின்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை, கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டார்கள். எங்கள் தொழிலகச் சபைத் தலைவர் ஆழ்வாப்பிள்ளையைத் தெரியும்தானே, ஓய்வுபெற்ற தலைமை லிகிதர், மடிப்புக் குலையாத வேட்டியும் மூடின கோட்டும். அவர் வந்து, ரீச்சர், உங்கடை இங்கிலீசிலை ஒரு விண்ணப்பம் எழுதித் தாங்கோ, உவங்களுக்கு நாங்கள் ஆர் எண்டு தெரியவேணும் என்று கேட்டார். நான் பதினாலு பக்கம் எழுதினேன். ஐந்து இலட்சம் கடனுதவியும் இரண்டு வருட வரிச்சலுகையும் கேட்டோம். கிடைத்தால் சிறிய பம்பி ஒன்று மலிவாகச் செய்ய அப்பாவிடம் வரைபடம் இருக்கிறது. கிடைக்காவிட்டால் சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் கேற் பூட்டுவது என்று சபை தீர்மானித்துவிட்டது. அப்பாவுக்கு ஐம்பத்தாறு வயது. உத்தியோகத்துக்குத் திரும்ப வழியில்லை. பின்னேரங்களில் அந்தச் சின்னப் பம்பியின் வரைபடத்தை விரித்துப் பென்சிலால் ஒரு கோடு போடுவார், அழிப்பார், சுருட்டி வைப்பார்.

விண்ணப்பத்தில் ஒரு பொய் இல்லை பிள்ளை. எவ்வளவு நட்டம், எத்தனை நாள் உலை மூட்டவில்லை, களஞ்சியத்தில் எத்தனை பம்பி, அதாவது பூச்சியம், எல்லாம் உள்ளபடி எழுதினேன். சபையில் அதை வாசித்தபோது ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்கடை மானத்தைக் கொழும்புக்குப் பதிவுத் தபாலிலை அனுப்புறம் என்று ஒருவர் சொன்னார். ஆனாலும் கையெழுத்து வைத்தார்கள்.

மாசி பதினேழாந் தேதி ஓர் அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்று கடிதம் வந்தது. கடிதம் வந்த அன்றிலிருந்து என்ன நடந்தது என்று கேள். ஆழ்வாப்பிள்ளை ஆட்களைக் கூப்பிட்டுச் சுவருக்கு வெள்ளை அடிப்பித்தார். பார்க்க வருகிறவர் எங்கள் நட்டத்தைப் பார்க்கத்தான் வருகிறார், சுவர் உரிந்திருப்பதுதான் எங்களுக்குச் சாட்சி என்று நான் சொன்னேன். உதென்ன கதை ரீச்சர், வீட்டுக்கு ஒரு மனிசன் வாறான் எண்டால் முகம் கழுவாமலே நிக்கிறது, பிச்சைக்காரர் எண்டு நினைக்கமாட்டானே என்று என்னையே கேட்டார். பிச்சைதானே கேட்கிறோம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். நீர்வேலியிலிருந்து குலையோடு வாழைமரம் வந்தது, கேற்றுக்கு இரண்டு பக்கமும் கட்டினார்கள். மேளகாரருக்குச் சொல்லி அனுப்பினார்கள். உலை மூட்டக் கற்கரி இல்லை என்று தலைமை வார்ப்பாளர் பிலிப்பு சொன்னதற்கு, கடன் சொல்லி ஒரு லொறி கற்கரி இறக்கினார்கள். பிலிப்பு குருநகர் ஆள், வாய் சும்மா இராது, சேர், பிரேதத்துக்குப் பவுடர் பூசிறதும் வழக்கம்தான், ஆனால் அதைப் பாத்து டொக்டர் மருந்து எழுதமாட்டார் என்று அப்பாவுக்குச் சொன்னாராம். அப்பா சிரித்துவிட்டு வந்து எனக்குச் சொன்னார். சிரித்தோமே தவிர, எழுந்துபோய் நிறுத்தவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே களஞ்சியம். வெறும் களஞ்சியத்தைக் காட்டக்கூடாது என்று பங்குக்காரர் தங்களுக்குள்ளேயே கூடிப் பேசி, தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த தங்கள் தங்கள் பம்பிகளைக் கழற்றி வண்டிலிலும் சைக்கிள் கரியரிலும் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். அறுபத்துமூன்று பம்பி. இறைப்பு நாளில் பயிரை வாட விட்டு. அவற்றைத் துடைத்துப் பச்சைப் பெயின்ற் பூசியது பூரணம். இந்தப் பூரணத்தை உனக்கு நினைவிருக்கும், மானிப்பாயிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள், கணவன் இறந்தபின் இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியே இருக்கிறவள், பெயின்ற் பூசுவதில் அவளுக்கு நிகரான கை அங்கே இல்லை. எழுபத்தொன்பதில் ஆட்களைக் குறைத்தபோது சபை என்ன தீர்மானம் எடுத்தது தெரியுமா? ஊர் ஆக்கள் முதல். பங்குக்காசு போட்ட உரும்பிராய், நீர்வேலி, கோப்பாய்ச் சொந்தக்காரருக்கு முழுநேர வேலை, மானிப்பாய், குருநகர்ப் பக்கத்தார் கிழமையில் இரண்டு நாள் வந்தால் போதும். பிலிப்பை மட்டும் விட்டுவைத்தார்கள், வார்க்க வேறு ஆள் இல்லை. ஒன்பது வருடம் வேலைசெய்த பூரணம் இரண்டு நாளுக்கு வந்தாள், அதற்கு முந்தின மாதம்தான் சேர்ந்த ஆழ்வாப்பிள்ளையின் மருமகப் பொடியன் ஆறு நாளும் வந்து கதிரையைத் தேய்த்தான். அந்தத் தீர்மானத்தில் உன் அப்பாவின் கையெழுத்தும் இருக்கிறது. கொழும்பு எங்களுக்குப் பாரபட்சம் காட்டுகிறது என்று பதினாலு பக்கம் எழுதியவள் அதே வீட்டில் அதே மேசையில் இதற்கு ஒரு பக்கம் எழுதவில்லை. உன்னோடு வேலைசெய்கிற அந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பூரணத்தின் முகம்தான் வருகிறது.

அதிகாரி கொழும்பிலிருந்து இரவுத் தபால் ரயிலில் வந்து காலை ஒன்பதரைக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். சிங்களவர், மெல்லிய மனிதர். நிறைகுடம், குத்துவிளக்கு, மேளம், மாலை. உலை கனன்றுகொண்டிருந்தது. கடைசல் இயந்திரங்கள் எல்லாம் ஓடின, எதைக் கடைகிறோம் என்று கேட்டால் சொல்ல ஒருவருக்கும் தெரியாது. வாரத்தில் இரண்டு நாள் வருகிற எல்லாரையும் அன்றைக்கு நல்ல சேலை உடுத்து வரச் சொல்லியிருந்தார்கள், பூரணம் கல்யாணச் சேலையில் வந்து பெயின்ற் வாளிக்குப் பக்கத்தில் நின்றாள். அதிகாரி களஞ்சியத்தில் போய் நின்று அறுபத்துமூன்று பம்பியையும் பார்த்தார். ஒன்றைத் தொட்டார், விரலில் பச்சை ஒட்டியது. ஓம் சேர், இப்பத்தான் முடிஞ்சுது, சுடச்சுட என்றார் ஆழ்வாப்பிள்ளை.

மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். பதினாறு பேர். நான் மற்றவர்களைப் பற்றி எழுதிக்கொண்டே வந்துவிட்டேன், இனி என்னைப் பற்றி எழுத வேண்டும். பெட்டகத்தைத் திறந்து சீதனமாய் வந்த பூப்போட்ட பீங்கான்களை எடுத்தவள் நான்தான். ஆறு கறியும் பாயசமும் வைத்தவள் நான்தான். சாப்பிட்டுக் கை கழுவி விறாந்தையில் இருந்தபோது அவர் நான் எங்கே படித்தேன் என்று கேட்டார், சொன்னேன். அவர் எனக்கு இரண்டு வருடம் பிந்தி அதே மண்டபத்தில் அதே பேராசிரியரிடம் படித்தவராம். உடனே முகம் மாறியது, பேச்சு ஆங்கிலத்துக்குப் போனது, ஆற்றங்கரை, மழை, விடுதிச் சாப்பாடு என்று கொஞ்ச நேரம் கதைத்தோம். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆழ்வாப்பிள்ளைக்குக் கேட்காதபடி, நீங்கள் எழுதிய விண்ணப்பம் படித்தேன், உண்மையிலேயே நிலைமை அவ்வளவு மோசமா என்று கேட்டார்.

அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து விட்டார் பிள்ளை. அந்தப் பம்பிகள் இரவல், உலை இன்றைக்கு மட்டும், இந்தப் பீங்கானை நாளைக்குப் பெட்டகத்தில் வைத்துவிடுவேன், இவரின் வேலை போகப்போகிறது என்று நான்கு வார்த்தை. என் வாயில் வந்தது வேறு. சமாளிக்கிறோம் என்றேன். சிரித்துக்கொண்டு சொன்னேன். கூடப் படித்தவர் முன்னால் இல்லை என்று சொல்ல என் நாக்குப் புரளவில்லை. அவர் தலையை ஆட்டினார், அதற்குமேல் கேட்கவில்லை. இங்கே ஒரு வீட்டுக்குப் போனால் சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள், பட்டினியாய் வந்தவனும் சாப்பிட்டாச்சு என்றுதான் சொல்வான், அது மரியாதை. வீட்டுக்காரர் இரண்டாம் முறை கேட்கவேண்டும், கையைப் பிடித்து இழுக்கவேண்டும், அப்போதுதான் அவன் உட்காருவான். முதற்பதில் மரியாதைக்கு, இரண்டாவதுதான் உண்மை. இது நம் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அவர் ஒரு முறை கேட்டார், பதில் கிடைத்தது, எழுதிக்கொண்டு போனார். எனக்குத் தெரியும், ஆனாலும் நான் இரண்டாவது கேள்விக்குக் காத்திருந்தேன்.

ஜீப் கோப்பாய்ச் சந்தி தாண்டியிருக்காது, தொழிலக வாசலில் வண்டில்கள் வந்து நின்றன. மூன்று நாள் இறைக்காத வெங்காயம் தலை சாய்ந்துவிட்டது, எல்லாருக்கும் அவரவர் பம்பி உடனே வேண்டும். எல்லாம் ஒரே பச்சை. எது ஆருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இது என்ரை, வாயிலை ஒரு நெளிவு இருக்கு என்று ஒருவர், உம்மடை வாயிலைதான் நெளிவு, இது எங்கடை ஐயா வாங்கின மிசின் என்று மற்றவர். கடைசியில் பிலிப்புத்தான் ஒவ்வொன்றாக இயந்திரத்தில் பூட்டி ஓடவிட்டார், கண்ணை மூடிக்கொண்டு நின்ற கமக்காரர் சத்தத்தைக் கேட்டு, ஓம் இதுதான் என்னுடையது என்று தூக்கிக்கொண்டு போனார்கள். இருட்டுப்பட முதல் களஞ்சியம் வெறும் சீமெந்துத் தரை, அறுபத்துமூன்று பச்சை வட்டங்கள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று பூரணம் சொன்னாள்.

இது நடந்து மூன்று கிழமை. முடிவு தபாலில் போட்டாயிற்று, இன்று நாளைக்குள் கைக்கு வரும் என்று அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வேலைசெய்கிற ஒருவர் சொன்னாராம். ஆழ்வாப்பிள்ளைக்குச் சந்தேகமே இல்லை, மனிசன் ரெண்டு தரம் பாயசம் கேட்டுச் சாப்பிட்டவன், எங்களுக்கு எதிரா எழுதக் கை வருமே என்கிறார். மாவட்டச் சபையும் வரப்போகுது, இனி எங்கடை காரியம் எங்கடை கையிலை என்றும் சொல்கிறார். அறுபத்தொன்றில் கச்சேரி வாசலில் சமஷ்டி ஆட்சி கேட்டு வெயிலில் இருந்தோம், உனக்கு நாலு வயது, என் மடியில் நித்திரை கொண்டாய். சமஷ்டி கிடைத்தால் நீதி தானாக வரும் என்று அன்றைக்கு நம்பினேன். இப்போது நீ சமஷ்டி உள்ள நாட்டிலிருந்து எழுதுகிறாய், அங்கேயும் ஒருத்தி மேசையில் கை அடித்து எங்கடை காசு என்கிறாள். ஒரு வித்தியாசம் மட்டும் தெரிகிறது, அவளுடைய கோபத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பேச அவளுக்கென்று ஒரு மாகாண அரசாங்கம் இருக்கிறது. எங்களுடைய கோபம் ஆழ்வாப்பிள்ளையின் மூடின கோட்டுக்குள் இருக்கிறது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் தந்திருப்பார்களா? அதுவும் தெரியாது. சுவர் உரிந்திருந்தாலும் தராமல் விட்டிருக்கலாம். ஆனால் தராமல் விட அவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருந்தால், அதை நாங்களே வெள்ளித் தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தோம். இனி எந்தக் காலத்திலும் கொழும்பை நான் முழுதாகத் திட்ட முடியாது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கசக்கிறது.

அந்தப் பெண்ணிடம் வெட்கப்படாதே, ஆனால் அவளோடு சண்டைக்கும் போகாதே. அவள் ஊரில் மூடின ஆலையில் யார் வேலைசெய்தார்கள் என்று கேள். ஒரு முறை கேட்டுவிட்டு நின்றுவிடாதே. பனியில் நடக்கும்போது அவசரப்படாதே, மருமகனுக்கு இருமல் என்றால் கொத்தமல்லி அவித்துக் கொடு. அடுத்த கடிதத்தில் எல்லாம் நல்லபடி போகுது அம்மா என்ற வரியை எழுதாமல் விடு. மருமகனின் கம்பனியில் இன்னும் எத்தனை பேரை நிறுத்துவார்கள், உனக்கு நித்திரை வருகிறதா, வாடகை கட்டுகிறீர்களா, அதை எழுது. இதை மறக்கவேண்டாம்.

நல்லூர்க் கந்தன் உங்கள் இருவரையும் ஒரு குறையும் வராமல் காக்கவேண்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் சின்னாச்சி மாமியின் ஆசீர்வாதமும் இதோடு வருகின்றன. நாளை காலை அப்பா தொழிலகம் போகும் வழியில் தபாலில் சேர்ப்பார்.

உன் அன்புள்ள அம்மா,
க. கமலாவதி

11.03.1981, புதன்

நேற்றைய கடிதத்தை அப்பாவிடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே தொழிலகத்துக்குப் போனேன். கொழும்புக் கடிதம் பத்து மணிக்கே வந்துவிட்டது. தங்கள் தொழிலகம் திருப்திகரமான உற்பத்தி நிலையிலும் போதிய கையிருப்புடனும் இயங்குவதை நேரில் கண்டு மகிழ்ச்சியடைகிறோம், ஆகவே உதவி நிதியின் தேவை எழவில்லை, பிற்பட்ட பகுதிகளில் இத்தகைய முயற்சிகள் எடுத்துக்காட்டாக அமைகின்றன என்று இருந்தது. ஆழ்வாப்பிள்ளை அதைச் சத்தமாக வாசித்தார். கடைசி வரியை இரண்டாம் முறையும் வாசித்துவிட்டு, இதைக் கண்ணாடி போட்டுக் கந்தோர்ச் சுவரிலை மாட்டவேணும் என்றார். சிரிக்கவில்லை, உண்மையாகவே சொன்னார். எந்தக் கந்தோரிலை என்று பிலிப்பு கேட்டார். பங்குனி முப்பத்தொன்றோடு பூட்டுவது என்று பதினைந்து நிமிடத்தில் தீர்மானமாகியது. அப்பா கையெழுத்து வைத்துவிட்டுக் களஞ்சியத் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பூரணம் தன் தூரிகைகளைக் கழுவி ஒரு பழைய பெயின்ற் ரின்னில் போட்டுக்கொண்டு என்னிடம் சொல்லிவிட்டுப் போக வந்தாள். இனி என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். சமாளிப்பம் ரீச்சர் என்றாள், சிரித்துக்கொண்டு. பஸ்ஸுக்கு நேரமாகுது என்று திரும்பினாள். நான் கையைப் பிடித்துக் கேற்றடி மர வாங்கில் இருத்தி, பிள்ளைகளைப் பற்றிச் சொல்லு என்று மறுபடி கேட்டேன். ரின்னை மடியில் வைத்தாள். பிறகு, மூத்தவளைத் தைப்பொங்கலோடை பள்ளிக்கூடத்தாலை மறிச்சுப்போட்டன் ரீச்சர், நீங்கள் கேட்டுப்போடுவீங்கள் எண்டு பயந்துதான் இவ்வளவு நாளும் உங்கடை முகத்தைப் பாக்கேல்லை என்றாள். அவள் பிடிக்க வேண்டிய நாலரை பஸ் கேற்றைத் தாண்டிப் போனது. அடுத்த பஸ் வரும்வரை இருவரும் அந்த வாங்கிலேயே இருந்தோம்.